குழியில் கிடக்கும் மண்வாரி

ஓட்டைவாளிப் பள்ளம், கலிபோர்னியா
1853 நவம்பர் 6

அன்புள்ள கெசியா அக்காவுக்கு,

நான் நலம், ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர. உன் குளிர்கால இருமல் இந்த வருடமாவது கொஞ்சம் தாமதித்து வரட்டும். உன் மாமியாரின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி பதவிக்கு வந்துவிட்டான். போன ஞாயிறு கடை வாசலில் சுரங்கக்காரர்கள் எல்லோரும் கூடி, இந்தப் பள்ளத்துக்கு என்னைப் பதிவாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர் டட்டன்தான் மரக்கட்டை மேல் ஏறி நின்று முன்மொழிந்தான். "ஹைரம் குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், குழி தோண்டவும் லாயக்கில்ல. பதிவாளருக்கு இதவிட என்னய்யா வேணும்?" என்றான். சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். ஜோதம் அத்தான் இரண்டு கையையும் தூக்கினார். "அதென்னய்யா ரெண்டு ஓட்டு?" என்று யாரோ கேட்டதற்கு, "ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்டாட்டிக்கு" என்றார். உன் ஓட்டையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வேலை பெரிதல்ல. ஆற்றுப்படுகையில் தங்கம் தோண்ட ஆளுக்கு ஒரு துண்டு நிலம். அதை அளந்து, யாருடையது என்று ஏட்டில் எழுதுவேன். பத்து நாள் வேலை செய்யாமல் விட்டால் துண்டு காலி. முதலில் வந்து நிற்பவனுக்கு அது சொந்தம். ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆள் சீக்காகக் கிடக்கிறான் என்று பதிவாளர் எழுதியிருக்க வேண்டும், அவனுடைய பிக்காசும் மண்வாரியும் குழியில் கிடக்க வேண்டும். அப்போது ஒருவரும் தொடமாட்டார்கள். கோழி திருடுகிறவன்கூட, குழியில் கிடக்கும் மண்வாரியைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போகிறான். நீதிமன்றம் இங்கிருந்து இரண்டு நாள் பயணம். அதுவரைக்கும் நான்தான்.

அத்தான் நலம். கடிதம் எழுதத்தான் அவருக்குக் கை வருவதில்லை.

நேசத்துடன்,
தம்பி ஹைரம்


கார்வர் குன்று, வெர்மான்ட்
1853 டிசம்பர் 30

அன்புத் தம்பி ஹைரமுக்கு,

இருமல் தாமதிக்கவில்லை, நேரத்துக்கு வந்துவிட்டது. மற்றபடி சுகம். பல்லை அலட்சியம் செய்யாதே. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

நான் ஓட்டுப் போட்டேன் என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாமியார் அடுப்படியிலிருந்து, "என்னடி, தங்கம் கெடச்சிருச்சா?" என்று கேட்டார். இல்லை, எனக்கு ஓட்டுக் கிடைத்திருக்கிறது என்றேன். "அத வச்சு அடுப்பெரிக்க முடியுமா?" என்றார்.

இங்கே இரண்டு விஷயம். பக்கத்துப் பண்ணை ஹாஸ்கின்ஸ், கொட்டகையில் தொங்கும் உன் அத்தானின் புல்லரிவாளை விலைக்குக் கேட்டான். கொடுக்க மாட்டேன் என்றேன். அடுத்த புல் அறுப்புக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு, வந்ததும் அரிவாள் வேண்டாமா? இன்னொன்று, லோவெலில் தொப்பிக் கடை வைத்திருக்கிறாளே நம் சித்தி மகள் லுக்ரீஷியா, என்னைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாள். இலையுதிர்காலம் வரை காத்திருப்பாளாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் திரும்பி வரும்போது நான் லோவெலில் தொப்பிக்குச் சிறகு தைத்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு எழுது. இல்லை, அவரையே எழுதச் சொல். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் கையெழுத்தை நான் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா கெசியா


ஓட்டைவாளிப் பள்ளம்
1854 பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மழையில் நனைந்து, ஆனால் முழுதாக வந்தது. இருமலுக்கு வெங்காயக் கஷாயம் குடிக்கிறாயா? என் பல் அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு கூத்து. பதினொரு பேருடைய துண்டுகளை நான் ஒரே பைன் மரத்திலிருந்து அளந்து எழுதியிருந்தேன். "பெரிய பைன் மரத்துக்குத் தெற்கே இத்தனை அடி" என்று. போன வாரம் ஒரு ஸ்வீடன்காரன் அந்த மரத்தை விறகுக்கு வெட்டிவிட்டான். பதினொரு பேரும் என் குடிசைக்கு வந்துவிட்டார்கள். "மரம் போச்சுன்னா என் குழி எங்கய்யா இருக்கு?" என்று ஒருவன் கேட்கிறான். அவன் அந்தக் குழிச் சேற்றை இடுப்பு வரை பூசிக்கொண்டுதான் கேட்கிறான். அடிமரம் இருந்ததால் பிழைத்தேன். அதையும் தோண்டுகிறவன் தலையில் கல் விழும் என்று அறிவித்திருக்கிறேன்.

ஜோதமின் துண்டு பத்திரமாக இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு.

தொப்பிக் கடையைப் பற்றி யோசி. லுக்ரீஷியா நல்லவள். மாடுகளை ஹாஸ்கின்ஸின் மகள்கூடப் பார்த்துக்கொள்ளலாமே.

மாமியாரை விசாரித்ததாகச் சொல்.
ஹைரம்


கார்வர் குன்று
1854 ஏப்ரல் 9

தம்பிக்கு,

இருமல் போய்விட்டது. மேப்பிள் பாகு காய்ச்சும் புகையில் அதற்கும் மூச்சு முட்டியிருக்கும். இந்த வருடம் சாறு நிறைய.

துண்டு பத்திரம் என்கிறாய். சந்தோஷம். ஆனால் நான் துண்டை மணக்கவில்லை. மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன், ஒரு மரத்தின் சாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். இன்னொன்றையும் கவனித்தேன். எப்போதும் "அத்தான்" என்று எழுதுகிறவன், இந்த முறை பேரைச் சொல்லி எழுதியிருக்கிறாய். உங்களுக்குள் சண்டையா? இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பள்ளத்தில் கிடந்தால் சண்டை வருவது சகஜம்தான். நீ சின்னவன், நீயே முதலில் பேசிவிடு.

இங்கே ஓர் அதிசயம். ஒரு வாரமாக மாமியார் என்னிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறார். தன்னுடைய நல்ல சால்வையை எடுத்துக் கொடுத்து, "போட்டுக்கடி, குளுருது" என்கிறார். அந்த முழங்காலோடு தபால் நிலையத்துக்குத் தானே நடந்து போகிறார். வயதானால் மனது இளகும் போலிருக்கிறது.

லுக்ரீஷியாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அவரிடமிருந்து ஒரு வரி வந்தால் முடிவு செய்துவிடுவேன்.

உன் பல்?
அக்கா


ஓட்டைவாளிப் பள்ளம்
1854 மே 28

அன்புள்ள அக்கா,

பல் போய்விட்டது. கொல்லன் பிடுங்கினான். குதிரைக்கு லாடம் அடிக்கிற அதே இடுக்கி. அவன் இரண்டுக்கும் ஒரே கூலிதான் வாங்குகிறான்.

சண்டை எதுவும் இல்லை. ஜோதம் இப்போது துண்டில் இல்லை, வெளியே இருக்கிறார். திரும்பி வர நாளாகும்.

தொப்பிக் கடையை விட்டுவிடாதே அக்கா. யாருக்காகவும் விட்டுவிடாதே. இதை இரண்டு முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிக்கொள்.

நீ நலமாக இருக்க வேண்டும்.
ஹைரம்


கார்வர் குன்று
1854 ஜூன் 11

ஹைரம்,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். விசாரிக்க வேண்டியது என்னை அல்ல.

நேற்று டட்டனின் மனைவி, அவள் கணவன் எழுதிய கடிதத்தோடு ஓடி வந்தாள். ஜனவரியிலிருந்து உன் அத்தான் சீக்காகக் கிடக்கிறாராம். கீழே ஏதோ பண்ணையில் வைத்துப் பார்க்கிறார்களாம். பதிவாளர் ஏட்டிலேயே எழுதியிருக்கிறானாம், பிக்காசும் மண்வாரியும் குழியில் கிடக்கின்றனவாம். ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாது. என்ன சீக்கு? காய்ச்சலா, நெஞ்சா? பிப்ரவரிக் கடிதத்தில் நீ அவரைப் பற்றி ஏன் மென்று முழுங்கினாய் என்று இப்போதுதான் புரிகிறது. அத்தான் என்று எழுத உனக்குக் கை வரவில்லை. அவர் பிழைக்க மாட்டார் என்று நினைத்துவிட்டாய், அப்படித்தானே? அதனால்தான் என்னைத் தொப்பிக் கடைக்குத் தள்ளினாய்.

என்னை அவ்வளவு கோழை என்று நினைத்தாயா? லுக்ரீஷியாவுக்கு வர முடியாது என்று இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். என் பசு இரண்டையும் விற்கப் போகிறேன். அக்டோபர் முதல் வாரக் கப்பலில் டட்டனின் மனைவியும் நானும் புறப்படுகிறோம். அதுவரை அவரைக் கவனித்துக்கொள். நான் வருகிறேன் என்று அவர் காதில் சொல். அது மருந்தைவிட நல்லது.

கெசியா


ஓட்டைவாளிப் பள்ளம்
1854 ஜூலை 22

அக்கா,

கப்பல் ஏறாதே. அத்தானுக்கு எந்தச் சீக்கும் இல்லை.

உன் கடிதம் இன்று வந்தது. தபால்காரன் கோவேறு கழுதைக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில் இதை எழுதி முடிக்க வேண்டும்.

ஜனவரி மாதம் அத்தான் வடக்கே ஓரெகனுக்குப் போனார். "ஒரு மாசம் போய்ப் பாத்துட்டு வந்துடறேன் மச்சான். அதுவரைக்கும் சீக்குன்னு எழுதிக்கோ. பேனா உங்கிட்டதான இருக்கு" என்றார். தன் பிக்காசையும் மண்வாரியையும் தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். திரும்பி வருகிறவன் கருவியை விட்டுவிட்டுப் போவான். நான் என்னுடையதை அவர் குழியில் போட்டேன். கீழே ஒரு பண்ணையில் கிடக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னேன். மழை பெய்யும்போதெல்லாம் போய், வெள்ளம் அடித்துக்கொண்டு போகாதபடி மண்வாரியை இடம் மாற்றி வைத்தேன். ஏட்டில் நான் எழுதிய முதல் பொய் அது.

மார்ச்சில் அங்கிருந்து ஒரு கழுதைக்காரன் வந்தான். அத்தான் நிலம் எடுத்திருக்கிறார், வீடு கட்டியிருக்கிறார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அக்கம்பக்கத்தில் அவளை உன் பேரால், திருமதி ஸ்டோடார்ட் என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

இதைச் சொல்லத்தான் மே மாதம் பேனாவை எடுத்தேன். பல்லைப் பற்றி எழுதி முடித்தேன். அந்தத் துண்டையாவது உனக்காகக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னை அங்கே கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா.

கப்பல் ஏறாதே. பசுவை விற்காதே. லுக்ரீஷியாவுக்கு உடனே எழுது.

ஹைரம்


ஓட்டைவாளிப் பள்ளம்
1854 ஆகஸ்டு 6

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதம் கிடைத்திருக்குமா, உன் உடம்பு எப்படி, எதுவும் தெரியாமல் எழுதுகிறேன்.

இன்று கூட்டத்தை நானே கூட்டினேன். ஏட்டைப் பிரித்து, "ஜோதம் ஸ்டோடார்ட், சீக்கு" என்ற வரியைப் படித்து, இது பொய் என்றேன்.

முதலில் எழுந்தவன் டட்டன். "அட பாவி, எம் பொண்டாட்டிக்கு எழுதிட்டேனேடா! ஊர் பூரா சொல்லியிருப்பாளே. எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அடுத்தது கிரிஃபித். ஜோதமின் பக்கத்துத் துண்டுக்காரன், வேல்ஸ்காரன், கதவு அளவு ஆள். குளிர்காலம் முழுக்கத் தன் கையால் கம்பளிக் காலுறை பின்னி, ஆப்பிள் வற்றல் போட்டுப் பலகாரம் சுட்டு, சீக்காளிக்கு என்று என்னிடம் கொடுத்தனுப்பியவன். மெதுவாகக் கேட்டான். "அப்ப எங் காலுறை எங்கய்யா?"

என் காலில்தான் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன்.

"பலகாரம்?"

அதைக் கழற்றிக் கொடுக்க முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கிரிஃபித் சிரிக்கவில்லை.

கூட்டத் தலைவராக நாற்காலியில் இருந்த கிழவர் ப்ராக்டர் சொன்னதுதான் உறைத்தது. "சிரிக்காதீங்கடா. இங்க வேலி இல்ல, மதில் இல்ல. எவன் குழி எவனுதுங்கறதுக்கு இவன் சொல்லு ஒண்ணுதான் இருக்கு. இவன் ஒரு வரி பொய் எழுதியிருக்கான்னா, மிச்ச வரியெல்லாம் மெய்னு நம்பி நான் எப்படிடா தூங்குவேன்?"

ஒவ்வொருவனும் தன் குழியில் போய் நின்றான். நான் ஏட்டைப் படித்தபடி கரையோரம் நடந்தேன். எல்லா வரியும் சரியாக இருந்தது, அந்த ஒன்றைத் தவிர. பிறகு என்னை நீக்கக் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். டட்டனைப் பதிவாளர் ஆக்கினார்கள். ஜோதமின் துண்டு காலி என்று அவன் எழுதிய முதல் வரியின் மை காய்வதற்குள், கிரிஃபித் அதில் இறங்கி நின்றான். விதிப்படி அது அவனுடையது. என் மண்வாரியைத் தூக்கிக் கரையில் போட்டான். வீசவில்லை, போட்டான்.

ஒரு வரி எழுது.
தம்பி ஹைரம்


ஓட்டைவாளிப் பள்ளம்
1854 அக்டோபர் 29

அக்கா,

நான் நலம். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. டட்டனுக்கும் வீட்டிலிருந்து கடிதம் இல்லை. கப்பல் ஏறியிருந்தால் இந்த வாரம் வந்து சேர வேண்டும். நான் சேக்ரமெண்டோ படகுத்துறையில் மூட்டை சுமக்கும் வேலைக்குப் போகிறேன். இறங்குகிற பெண்களை எல்லாம் அங்கிருந்து பார்க்கலாம்.

இந்தக் கடிதம் கார்வர் குன்றில் உன் கைக்குக் கிடைத்தால், நீ வரவில்லை என்று அர்த்தம். அதுவே எனக்குப் போதும்.

ஹைரம்


லோவெல், மாசசூசெட்ஸ்
1854 டிசம்பர் 10

தம்பி ஹைரமுக்கு,

நான் சுகம். படகுத்துறையில் நின்று சளி பிடித்துக்கொள்ளாதே. உன் அக்டோபர் கடிதம் கார்வர் குன்றுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. நான் கப்பல் ஏறவில்லை.

உன் ஜூலைக் கடிதம் புல் அறுப்பு முடிந்த வாரம் வந்தது. மாமியார் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பீன்ஸ்கூடக் கீழே விழவில்லை.

"எனக்கு ஏப்ரல்லயே தெரியும்டி" என்றார். "எழுதியிருந்தான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவ. ஆறு மாடு நிக்குது. பால யாரு கறக்கறது?"

சால்வையின் விலை எனக்கு அப்போது தெரிந்தது. அன்று சாயங்காலமும் நான்தான் கறந்தேன். மடி கனத்து நிற்கிற மாட்டிடம் கோபத்தைக் காட்ட முடியாது. ஹாஸ்கின்ஸின் மகளைக் கூலிக்குப் பேசி அமர்த்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

லுக்ரீஷியாவிடம் வந்துவிட்டேன். ஆனால் பங்காளியாக அல்ல. ஜூனில் நான் வர முடியாது என்று எழுதியதும் அவள் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டாள். அது அவள் தப்பில்லை. நான் இப்போது பின்கட்டில் வாரக் கூலிக்குச் சிறகு தைக்கிறேன். முன்கடையில் இருக்க வேண்டியவள். நீ பிப்ரவரியிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் இருந்திருப்பேன். நீ பாசத்தால் மறைத்தாய், மாமியார் பாலுக்காக மறைத்தார். எனக்கு நடந்தது என்னவோ ஒன்றுதான். மிகுந்த கோபத்தில் இருந்தேன், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கூட்டத்தைக் கூட்டி நீயே எழுந்து நின்று சொன்னாயே, அதை ஆகஸ்டுக் கடிதத்தில் படித்தபோது, இவன் என் தம்பிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே இருப்பதைப் பதிவாளர் டட்டனிடம் கொடு. ஏட்டில் எழுதுவாரோ மாட்டாரோ, கூட்டத்தில் படிக்கச் சொல். எனக்கு அங்கே ஓர் ஓட்டு உண்டு, மறந்துவிட வேண்டாம்.

"பதிவாளர் அவர்களுக்கு: ஜோதம் ஸ்டோடார்ட் என்பவர் வெர்மான்ட் கார்வர் குன்றில் கெசியா என்ற பெண்ணைத் தன்னுடையவள் என்று சொல்லி வைத்திருந்தார். பத்து நாளுக்கு எவ்வளவோ மேலாக ஆளைக் காணோம். சீக்கு இல்லை என்று நம்பகமாகத் தெரிகிறது. அவருடைய புல்லரிவாள் மட்டும் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து யாரும் நெருங்கவில்லை, அவளும் நகரவில்லை. செப்டம்பரில் அதை ஹாஸ்கின்ஸுக்கு விற்றாகிவிட்டது. ஆகவே உங்கள் விதிப்படி இடம் காலி. முதலில் வந்து நிற்பவருக்கு அது சொந்தம். நான் வந்து நிற்கிறேன். இப்படிக்கு, மறுபடி அப்பாவின் பேரோடு, கெசியா கிட்ரெட்ஜ்."

இனி அவரைப் பற்றி எழுத நேர்ந்தால் பேரை மட்டும் எழுது, போதும்.

இத்துடன் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். கிரிஃபித்துக்கு. நீ போட்டுக்கொள்ளாதே.

அக்கா கெசியா